இலை பழுக்கும் காலம்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறது என் மகள் வீடு. கொல்லையில் ஒரு சர்க்கரை மேப்பிள் மரம். ஆகஸ்டில் நான் வந்து இறங்கியபோது நம் ஊர்ப் புங்கமரம் போல அடர்ந்த பச்சையாக நின்றது. செப்டம்பர் முடியும் தறுவாயில் உச்சிக்கிளை ஒன்றில் மட்டும் குங்குமம் சிந்தியது போலச் சிவப்பு தெரிந்தது. அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை இங்கே ‘தேங்க்ஸ்கிவிங்’ விடுமுறை. அதற்குள் மரம் பெரும்பாலும் சிவந்துவிட்டது. மாப்பிள்ளை சருகைக் கூட்டிப் பெரிய காகிதப் பைகளில் அமுக்கிக்கொண்டிருந்தார். மகள் உள்ளே சாம்பாருக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் ஏழு வயதுப் பேத்தியும் கொல்லைப் படியில் உட்கார்ந்து, பொறுக்கிய இலைகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தோம்.

முந்தின வாரம் பக்கத்து வீட்டு பிர்ச் மரம் மஞ்சளானபோது அவள் காரணம் கேட்டிருந்தாள். பச்சை போய்விட்டது, அதற்கு அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது என்று சொல்லியிருந்தேன். இப்போது ஒரு மேப்பிள் இலையைத் தூக்கிப் பிடித்தாள். பாதி சிவப்பு, பாதி இன்னும் பச்சை.

“பாட்டி, அப்போ இந்தச் சிவப்பும் பச்சைக்குள்ள ஒளிஞ்சுதான் இருந்துச்சா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மஞ்சளுக்குச் சரியான பதில் சிவப்புக்குச் சரி வராது. இலையிடமே கேட்டுவிடலாம் என்று அவளை அழைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

மூன்று கண்ணாடி டம்ளர்கள் எடுத்தோம். ஒன்றில் அதே மேப்பிளின் அடிக்கிளையில் இன்னும் நிறம் மாறாத பச்சை இலை, ஒன்றில் பிர்ச்சின் மஞ்சள் இலை, ஒன்றில் சிவந்த மேப்பிள் இலை. பொடியாக நறுக்கி, கரண்டிக் காம்பால் நசுக்கி, மருந்துக்கடையில் விற்கும் ரப்பிங் ஆல்கஹாலை இலை மூழ்கும் அளவு ஊற்றினோம். ஆல்கஹால் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கமே போகாமல், குழாயிலிருந்து பிடித்த வெந்நீரில் டம்ளர்களை அரை மணி நேரம் உட்கார வைத்தோம். பிறகு காபி வடிகட்டும் காகிதத்தை நீளவாக்கில் வெட்டி, நுனி மட்டும் சாற்றில் படும்படி பென்சிலில் தொங்கவிட்டோம். தேங்கிய தண்ணீரில் வேட்டி நுனி பட்டால் ஈரம் மேலே ஏறுவது போல, சாறு காகிதத்தில் மெல்ல ஏறியது.

சாம்பார் இறங்கி, சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தோம். பச்சை இலையின் காகிதத்தில் கீழே பச்சைப் பட்டை. அதற்கு மேலே, மெலிதாக ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒரு மஞ்சள் கோடு. கோடை முழுக்க இலைக்குள் மஞ்சள் இருந்தது, பச்சையின் அடர்த்தியில் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காகிதத்தில் சிவப்பின் சாயல்கூட இல்லை. பேத்தி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஒரே சாற்றில் இருந்த நிறங்கள் ஏன் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன? தேர் பின்னால் நடக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வளையல் கடை, பொரி கடை என்று ஒவ்வொன்றிலும் நிற்பவர் பின்தங்குவார். எங்கும் நிற்காதவர் தேரோடு போய்ச் சேர்வார். காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும் நிறமி கீழேயே தங்குகிறது, ஒட்டாதது மேலே போகிறது. இதை முதலில் முறையாகச் செய்து காட்டியவர் மிகயில் ஸ்வெட் என்ற ருஷ்யத் தாவரவியலாளர். கண்ணாடிக் குழாயில் சுண்ணத் தூளை இறுக்கி நிரப்பி, இலைச்சாற்றை மேலிருந்து இறங்கவிட்டார். குழாய் நெடுகப் பச்சையும் மஞ்சளுமாக வளையங்கள் பிரிந்து நின்றன. 1903இல் வார்சாவில் இதைப் பற்றிப் பேசினார். 1906இல் அதற்குப் பெயர் வைத்தார். நம் பாடநூல்கள் அதை வண்ணப்பிரிகை என்கின்றன. அவருடைய குடும்பப் பெயருக்கே ருஷ்ய மொழியில் ‘நிறம்’ என்றுதான் பொருள். அவர் காலத்தில் பெரிய வேதியியலாளர்கள் இதை நம்பவில்லை. 1919இல், 47 வயதில் அவர் இறந்தார். 1930களில்தான் உலகம் இந்த முறையை எடுத்துக்கொண்டது. இன்று மருந்து ஆய்வகமோ உணவுப் பரிசோதனைக் கூடமோ இதன் ஏதாவது ஒரு வடிவம் இல்லாமல் நடக்காது. அந்த மனிதர் அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

சரி, பச்சை ஏன் போகிறது? பச்சையம் தானாக வெளுத்துப்போவதில்லை, மரம் திட்டம்போட்டு அதைக் கழற்றுகிறது. நம் விவசாயிகள் நைட்ரஜனைத் தழைச்சத்து என்பார்கள், மிகப் பொருத்தமான சொல். தழையிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களில்தான் இருக்கிறது. மண்ணிலிருந்து பாடுபட்டுச் சேர்த்த அந்தச் சத்தோடு இலையை உதிர்த்தால் மரத்துக்குப் பெரிய நட்டம். அதனால் உதிர்வதற்கு முன் புரதங்களைப் பிரித்து, சத்தைக் காம்பு வழியே கிளைக்கும் பட்டைக்கும் வேருக்கும் அனுப்பிவிடுகிறது. இந்த வேலைக்குத் தாவரவியலில் மூப்படைதல் என்று பெயர்.

கல்யாணம் முடிந்து பந்தல் பிரிப்பதைப் போன்ற வேலை இது. மூங்கில், கயிறு, துணி எல்லாம் அடுத்த கல்யாணத்துக்கு வேண்டும். ஒரு வித்தியாசம்: இந்தப் பந்தலில் மின்சாரத்தை நிறுத்தவே முடியாது. பச்சையம் வெளிச்சத்தைப் பிடிக்கும் பொருள். புரதத்தோடு பிணைந்திருக்கும்வரை பிடித்த ஆற்றலைச் சரியான கைக்கு மாற்றிவிடும். புரதத்தை உருவிய பிறகு தனியே விட்டால், மேல்தோல் உரிந்த மின்கம்பி மாதிரி. வெயில் பட்டதும் பக்கத்திலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, செல்லையே அரித்துவிடும். ஆகவே பந்தலைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பச்சைய மூலக்கூறையும் உடைத்துச் சாதுவாக்கியாக வேண்டும்.

உடைந்த பச்சையம் எங்கே போகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஆண்டுதோறும் உலகக் காடுகள் முழுவதும் டன் கணக்கில் மறையும் ஒரு பொருளின் தடயத்தை யாராலும் காட்ட முடியவில்லை. தடயத்துக்கு நிறமே இல்லை என்பதுதான் காரணம். பிலிப் மாட்டீல், பெர்ன்ஹார்ட் கிராய்ட்லர் ஆகியோரின் குழு சுவிட்சர்லாந்தில், பார்லி இலைகளை இருட்டில் வைத்துப் பச்சை நீங்கவிட்டு, மிஞ்சிய நிறமற்ற பொருள் ஒன்றின் அமைப்பை 1991இல் கண்டறிந்தது. அது பச்சையத்தின் உடைந்த வளையம். பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. மரம் அவற்றை மீட்பதில்லை, செல்லின் நடுவிலிருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் அப்படியே ஒதுக்கிவிடுகிறது. புரதத்திலுள்ள பெரும் சத்தைப் பத்திரமாக எடுக்க இந்தச் சிறு சத்தைக் கைவிடுகிறது.

2007இல் கிராய்ட்லரின் குழு இதே நிறமற்ற பொருள்களைப் பழுத்த ஆப்பிளிலும் பேரிக்காயிலும் கண்டது. அடுத்த ஆண்டில், பழுக்கும் வாழைப்பழத்தின் தோல் புறஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்வதைக் காட்டினார்கள். அந்த ஒளிர்வும் பச்சையம் உடைவதிலிருந்து வருவதே. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. வெற்றிலை பழுத்துவிட்டது, பழுத்த ஓலை என்றெல்லாம் நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். காய் பழுப்பதற்கும் இலை மஞ்சளாவதற்கும் தமிழில் ஒரே சொல். வேதியியலும் அங்கே ஒரே வழியில்தான் போகிறது.

இனி பேத்தியின் கேள்வி. மஞ்சள் பழையது என்று காகிதம் சொல்லிவிட்டது. அது கரோட்டினாய்டு வகை நிறமி. கேரட்டிலும் மிளகாய் வற்றலிலும் இருக்கும் உறவுக்கூட்டம். குழம்பு கொதித்து எண்ணெய் பிரியும்போது சிவப்பெல்லாம் எண்ணெயோடு மிதக்குமே, அது இந்தக் கூட்டம் எண்ணெயில் கரைவதால்தான். மேப்பிளின் சிவப்பு வேறு சாதி. ஆந்தோசயனின் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘பூநீலம்’ என்று பொருள். நாவற்பழத்திலும் கத்தரித் தோலிலும் சங்குப்பூவிலும் இருப்பது இது. தண்ணீரில் கரையும். (பீட்ரூட்டின் சிவப்பு இந்த வகை அல்ல, பலரும் ஒன்றென்று நினைப்பதால் சொல்கிறேன்.) சிவந்த இலை நான்கைக் கிழித்து வெந்நீரில் ஊறவைத்தோம். செம்பழுப்பாகச் சாறு இறங்கியது. ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை பிழிந்ததும் அது பளிச்சென்று இளஞ்சிவப்பானது. இன்னொன்றில் சமையல் சோடாவைத் தூவியதும் பாசி நிறத்துக்குத் திரும்பியது. பேத்திக்கு எலுமிச்சம்பழம் மூன்று தீர்ந்தது.

கோடையில் அந்த இலையில் இது இல்லை. விழப்போகும் இலையில், கடைசி இரண்டு மூன்று வாரங்களில், மரம் புதிதாகத் தயாரித்தது. சத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், சர்க்கரையைச் செலவழித்து ஒரு புதுச் சாயத்தை ஏன் செய்ய வேண்டும்? இலையுதிர் காலத்தின் உண்மையான புதிர் இதுதான்.

துப்பு, பேத்தி கையில் இருந்த பாதிப் பச்சை இலையிலேயே இருந்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே இருந்த எல்லை நேர்க்கோடாக இல்லை. கூரிய முனைகளோடு வளைந்து வளைந்து போனது. அது இன்னொரு மேப்பிள் இலையின் ஓரம். மரத்தில் இருந்தபோது வேறோர் இலை இதன்மேல் படிந்திருக்கிறது. நிழல் விழுந்த இடம் பச்சையாகவே நின்றது, வெயில் பட்ட இடம் சிவந்தது. அவளிடம் இன்னோர் இலையை அந்த ஓரத்தில் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். பொருந்தியது.

வெயில் பட்ட இடத்தில் சிவப்பு என்றால், சிவப்புக்கு வெயிலோடு ஏதோ வேலை இருக்கிறது. குளிர்ந்த காலைகளில் இலையின் வேதிவேலை மந்தமாகிறது. ஆனால் வெளிச்சம் வந்து விழுவது மந்தமாவதில்லை. பந்தல் பாதி பிரிந்த நிலையில் மின்சாரம் மட்டும் முழுவேகத்தில் பாய்கிறது. அப்போது கட்டும் படுதாதான் ஆந்தோசயனின். இலை மேற்பரப்பை ஒட்டிய செல்களில் பரவி, மிகையான வெளிச்சத்தைத் தடுத்துக்கொள்கிறது. வெயிலான பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் சேர்ந்த ஆண்டுகளில் சிவப்பு ஏன் அதிகம் என்பதும் இதோடு பொருந்துகிறது.

பொருந்துவது வேறு, நிரூபிப்பது வேறு. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் ஃபீல்டு, லீ, ஹோல்புரூக் ஆகிய மூவரும் ஒருவகை டாக்வுட் புதரின் இலைகளைக் கடும் நீல ஒளியில் வாட்டிப் பார்த்தார்கள். சிவந்தவை விரைவில் தேறின, சிவக்காதவை அப்படித் தேறவில்லை. 2001இல் இது வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாக்கும் அவரது சகாக்களும் இன்னும் நேராகவே கேட்டார்கள். சிவப்பு நிறமியைச் செய்யத் தெரியாத மரபுப் பிறழ்வுச் செடிகளையும் வழக்கமான செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடும் வெளிச்சத்தில் வளர்த்தார்கள். சிவக்கத் தெரியாத செடிகள் தழைச்சத்தைக் குறைவாகவே மீட்டன. படுதா இல்லாத பந்தலில் சாமான் நட்டமானது.

இன்னொரு விளக்கமும் உண்டு. வில்லியம் ஹாமில்டன் என்ற பரிணாமவியலாளர், நிறம் என்பது பூச்சிகளுக்கு மரம் விடும் எச்சரிக்கை என்றார். இலையுதிர் காலத்தில் அசுவினிகள் முட்டையிட மரம் தேடி வரும், திடமான மரம் ‘என்னிடம் வராதே’ என்று சொல்கிறது என்பது அவர் எண்ணம். அவர் மறைவுக்குப் பின் 2001இல் அது கட்டுரையாக வந்தது. ஆனால் அசுவினியின் கண்ணுக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, மங்கலாகவே தெரியும். மஞ்சளோ அதை இழுக்கும். நம் மிளகாய்த் தோட்டங்களில் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் மஞ்சள் ஒட்டுப்பொறி வைக்கிறார்களே, அந்தக் காரணம்தான். சிவப்பு எச்சரிக்கை என்றால், மஞ்சளாகும் பிர்ச்சை என்ன சொல்வது? விவாதம் முடியவில்லை. சோதனைகளைப் பார்க்கையில் படுதா விளக்கமே எனக்கு உறுதியாகப் படுகிறது. ஆனாலும், சில மரங்களுக்கு மட்டும் படுதா ஏன் தேவைப்படவில்லை என்பதை அதுவும் முழுதாகச் சொல்லிவிடவில்லை.

நேரம் வந்ததை மரம் எப்படி அறிகிறது? குளிரை வைத்து என்றால், செப்டம்பரில் நாலு நாள் வெயிலடித்தால் ஏமாந்துவிடும். ஏமாற்றாத ஒன்று இரவின் நீளம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். டொராண்டோவில் ஆறரை மணி நேரம். செப்டம்பர் கடைசியில் ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் பகல் கரைகிறது. வெளிச்சத்தையும் இருட்டையும் மரத்துக்குப் பிரித்துக் காட்டுவது இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் நிறமி. பகலில் ஒரு வடிவத்துக்குப் புரளும், இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். இரவுதான் கணக்கு என்று காட்டிக்கொடுத்தது நம் ஊர்த் தரிசுகளிலும் முளைக்கும் மருளூமத்தை வகைச் செடி. 1938இல் ஹேம்னரும் பானரும் அதன் நீண்ட இரவின் நடுவே சற்றுநேரம் விளக்கைப் போட்டார்கள். இரவு நீளவில்லை என்று எண்ணிக்கொண்டு அது பூக்காமலே இருந்துவிட்டது. 1936இல் எட்வின் மாட்ஸ்கி, நியூயார்க்கின் தெருவிளக்கை ஒட்டிய சில மரங்கள் இலையைத் தாமதமாக உதிர்ப்பதைப் பதிவுசெய்திருந்தார். எங்கள் தெருமுனை விளக்குக் கம்பத்தை அணைத்தபடி நிற்கும் மேப்பிளில், விளக்கைச் சுற்றி மட்டும் பச்சை மிஞ்சியிருப்பதை நாங்களும் மாலை நடையில் பார்த்தோம்.

ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் ஆஸ்பென் மரத்தை ஆய்வாளர்கள் நாள் தவறாமல் கவனித்தார்கள். 2003 செப்டம்பர் 11 அன்று பிரிப்பு வேலை தொடங்கியது. 19ஆம் தேதி பச்சையம் பாதியாகியிருந்தது. 29ஆம் தேதி சத்துப் போக்குவரத்து நின்றது. அந்த 18 நாளில் இலையின் தழைச்சத்திலும், மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸிலும் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மரம் மீட்டிருந்தது.

அதற்குப் பிறகு காம்படியில் உதிர்வு அடுக்கு என்ற மெல்லிய செல்வரிசை நெகிழ்ந்து, காற்றோ இலையின் எடையோ மிச்ச வேலையை முடிக்கிறது. உதிர்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை இங்கிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் வரும் பஃபலோ நகரம் 2006இல் பார்த்தது. அக்டோபர் 12, 13 தேதிகளில், மரங்கள் இலையோடு நிற்கும்போதே, சுமார் இரண்டடிப் பனி கொட்டியது. அகன்ற இலைகளில் பனி தங்கி, பாரம் தாங்காமல் ஊரெங்கும் கிளைகள் முறிந்தன. உறைந்த மண்ணிலிருந்து தண்ணீர் எடுக்க முடியாத மாதங்களில் இலை வைத்திருப்பதே மரத்துக்குச் சுமை.

சாயங்காலம் பேத்தியைத் தூக்கித் தாழ்ந்த கிளையைக் காட்டினேன். இலை விழுந்த இடத்தில் சிறிய தழும்பு. அதற்கு நேர் மேலே, அரிசி முனை அளவில், கூர்மையான பழுப்பு மொட்டு. அடுத்த வசந்தத்தில் விரியப்போகும் இலை அதற்குள் இப்போதே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. மரங்கள் தழைக்கும் நேரம், உதிர்க்கும் நேரம் அல்ல. நம் மரங்கள் பலவும் மாசி, பங்குனியில், தண்ணீர் குறையும்போது உதிர்க்கும். ஆனால் இந்தச் சிவப்பு நமக்கும் அன்னியமில்லை. மாந்தளிர் நிறம் என்று புடவைக்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அந்தத் தளிரின் செம்மையும் ஆந்தோசயனின்தான். தெருவோரத்து நாட்டு வாதாம் மரம் உதிர்வதற்கு முன் இரத்தச் சிவப்பாகிறது. அடுத்த முறை அதன் கீழே நடக்கும்போது, பாதி நிறம் மாறிய இலை ஒன்றைக் குனிந்து எடுங்கள். சிவப்பும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தைப் பாருங்கள். வீட்டில் குழந்தை இருந்தால், அதை வெந்நீரில் ஊறவைத்து, எலுமிச்சம்பழத்தைக் குழந்தை கையில் கொடுங்கள்.